மேலே நின்ன வரி

உள்ள போன் போட்டுக் கேட்டுட்டீங்களாண்ணே? என்ன சொல்றாங்க? வெயிட் பண்ணச் சொல்றாங்களா? சரி, பண்ணுவோம். பாலிடெக்னிக்லயும் இதையேதான் சொன்னாங்க, வெயிட் பண்ணு, வெயிட் பண்ணு, படிச்சு முடிச்சா வாழ்க்கை தானா வரும்னு. ரெண்டாவது வருசத்துலயே எனக்குப் பொறுமை போயி வாழ்க்கையைத் தேடி நானே கெளம்பிட்டேன். அது எந்தப் பக்கம் போச்சுன்னுதான் இன்னும் தெரியல.

இந்தச் சேர்ல உக்காரலாமா? ஒரு காலு ஆடுது. பரவாயில்ல, நானும் அந்த ரகந்தான்.

பைல என்னன்னுதான பாக்குறீங்க? ஒரு லேப்டாப்பு, ஒரு ஒயரு, ஒரு ஸ்க்ரூ டிரைவர். தொறந்து பாத்துக்கங்க. பேரு ஜெயசீலன். கண்ட்ரோல் பேனல் செய்யிற கம்பெனி. கம்பெனின்னதும் பெருசா நெனச்சுறாதீங்க, திண்டுக்கல்ல ஒரு தகரக் கொட்டகை. எங்க மொதலாளி தயாளன் அண்ணன், அவரு மச்சினன், நானு, அவ்வளவுதான். மச்சினன் தூங்குறதுக்கு மட்டும் வருவாரு.

நீங்க புதுசுல்ல? அதான். பழைய வாட்ச்மேனா இருந்தா என் வண்டிச் சத்தம் கேட்டதுமே கேட்டைத் தொறந்துருவாரு. "வாய்யா டிஸ்ப்ளே"ம்பாரு. இந்த மில்லுல என் பேரே டிஸ்ப்ளேதாண்ணே. கேண்டீன்ல போயி "டிஸ்ப்ளே தம்பி"ன்னு சொல்லிப் பாருங்க, எனக்குன்னா வடை ஒண்ணு சேத்து வைப்பாங்க. வச்சாங்க. இப்ப எப்படின்னு தெரியாது.

ஆமா, போன வாரம் நடந்தது சம்பந்தமாத்தான் வந்திருக்கேன். சம்பந்தம்னா எனக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. சர்வீஸுக்கு வந்திருக்கேன். பத்து நிமிச வேலை. உங்களுக்கு யாரும் ஒழுங்கா சொல்லலையா? ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்கண்ணே. நான் சொல்றேன், கேளுங்க.

உள்ள ஸ்டீமர்னு ஒண்ணு இருக்கு. ரயில் பொட்டியில பாதி இருக்கும், இரும்பு உருளை. நூத்து முடிச்ச நூலு இருக்குல்ல, அது சும்மா இருக்காது, முறுக்கிக்கிட்டே திரியும், என்னை மாதிரி. அந்த நூலைச் சுத்தி வச்ச கோனையெல்லாம் வண்டியோட உள்ள தள்ளி, கதவைச் சாத்தி, ஆவி காட்டுவாங்க. இட்லி அவிக்கிற மாதிரிதான். வெந்துச்சுன்னா அடங்கிரும். அப்புறம் உள்ள இருக்க ஆவி மொத்தத்தையும் வால்வு வழியா வெளிய விட்டுட்டு, கதவுச் சக்கரத்தைச் சுத்தித் தொறக்கணும். ஆவி போறதுக்கு முன்னாடி தொறந்தா என்னாகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. வீட்டுல குக்கர் இருக்கும்ல.

ரொம்பப் பழைய மெசினுண்ணே அது. உங்க வயசு இருக்கும். கோச்சுக்காதீங்க, நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. அதுல முன்னாடி ஒரு சிவப்பு பல்பு இருந்துச்சு, தக்காளி சைசுல. உள்ள பிரசர் இருந்தா எரியும். இல்லேன்னா அணைஞ்சிரும். அந்தப் பல்புக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மானேஜருக்கு மெசினைப் புதுசாக்கணும். ஆனா புது மெசின் வாங்கக் கூடாது. அந்த மாதிரி ஆளுங்களுக்காகத்தான கடவுள் எங்க மொதலாளியப் படைச்சிருக்காரு.

பி.எல்.சி.ன்னு ஒரு பெட்டி. அதை பஸ் டிரைவர்னு வச்சுக்கங்க. எப்ப ஆவி விடணும், எப்ப நிப்பாட்டணும், எல்லாத்தையும் அதுதான் பாத்துக்கும். ஆனா ஊமை. அதுக்கு வாய் வேணுமில்ல? அதுக்குத்தான் வெளிய சின்னதா ஒரு டிஸ்ப்ளே மாட்டுறது. ரெண்டு வரி தெரியும். பஸ்ஸு நெத்தியில ஊர் பேரு ஓடுதுல்ல, அது மாதிரி. உள்ள இருக்க பெட்டி ஒரு சுவிட்சைத் தட்டுனா வெளிய ஒரு வரி வரும். இன்னொரு சுவிட்சைத் தட்டுனா இன்னொரு வரி. எந்த சுவிட்சுக்கு எந்த வரி, எந்த வரி முன்னால, எந்த வரி பின்னால, எல்லாம் முதல்லயே எழுதி உள்ள ஏத்தி வச்சிரணும். அந்த எழுதுற ஆளுதான் உங்க முன்னாடி ஆடுற சேர்ல உக்காந்திருக்கான்.

சும்மா இல்லண்ணே அது. ஒரு வரிக்கு இருபது எழுத்துதான். ஒண்ணு கூடுனா வாலை வெட்டிரும். தமிழ் எழுத்தும் கெடையாது. மத்த கம்பெனிக்காரங்க என்ன செய்வாங்க, இங்கிலீஷ்ல "சைக்கிள் கம்ப்ளீட்"னு எழுதிட்டுப் போயிருவாங்க. எங்க அக்கா அதைப் பாத்தா யாரு சைக்கிள்னுதான் தேடும். நான் என்ன பண்ணேன், தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சேன். இந்த ஏரியாவுலயே யாரும் பண்ணதில்ல.

எங்க அக்கான்னா, நாகரத்தினம் அக்கா. ஸ்டீமர் அவங்க பொறுப்பு. நாப்பது, நாப்பத்தஞ்சு வயசிருக்கும். மக கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது. அது போன்ல இங்கிலீஷ் எழுத்துலதான் தமிழ் அனுப்பும், அதைப் படிச்சுப் படிச்சு அக்காவுக்குப் பழக்கம். எழுத்தெழுத்தா கூட்டித்தான் படிப்பாங்க, ஆனா படிச்சிருவாங்க. நான் வேலை பாத்த அத்தனை நாளும் எனக்கும் சேத்து சோறு கொண்டாந்தாங்க. "வயித்துல ஒண்ணுமில்லாம எப்படிடா இப்படி வாயடிக்கிற"ம்பாங்க. "வயிறு காலியா இருந்தாத்தாங்க்கா சத்தம் நல்லா வரும், மத்தளத்தப் பாருங்க"ம்பேன். சிரிச்சா நிக்க மாட்டாங்கண்ணே. அப்படியே கீழ உக்காந்துருவாங்க.

பழைய பேனலைக் கழட்டுறப்ப கேட்டாங்க. "தம்பி, அந்த லைட்டு மட்டும் இருக்கட்டுமேடா. தூரத்துலருந்தே தெரியும்."

"அக்கா, லைட்டு பேசுமா? இது பேசும்க்கா. உங்களை அக்கான்னு கூப்புடும்."

"நெசமாவா?"

"பாருங்க."

கழட்டிட்டேன். மில்லுல யாரும் வேணாம்னு சொல்லலையே? மெயின்டனன்ஸ் குருவையா சார் பக்கத்துலதான் நின்னாரு. பல் குத்திக்கிட்டு நின்னாரு. அவரு சொல்லியிருக்கலாம்ல?

அப்புறம் பாருங்க, மெசினு பேச ஆரம்பிச்சுச்சு. காலைல ஆன் பண்ணா "வணக்கம் அக்கா, சாப்டாச்சா?" கதவு சரியாச் சாத்தலேன்னா "கதவு தொறந்திருக்கு, கொசு வரும்". தண்ணி கொறஞ்சா "தாகமா இருக்கு, தண்ணி விடுங்க". ஆவி காட்டி முடிஞ்சு டைமர் விழுந்தா, மேல் வரில "வேலை முடிஞ்சது", கீழ் வரில "டீ குடிங்க அக்கா". அது ஒண்ணுக்கு இந்த மில்லே விழுந்து விழுந்து சிரிச்சுச்சுண்ணே. ஸ்பின்னிங்ல இருந்து பொண்ணுங்க வேலைய விட்டுட்டு வந்து பாத்துட்டுப் போகும். வெளியூர்ல இருந்து பார்ட்டி வந்தா மானேஜர் நேரா ஸ்டீமருக்குத்தான் கூட்டியாருவாரு. "எங்க மெசின் டீ குடிக்கச் சொல்லும் சார்"னு. எங்க மொதலாளிக்கு இதை வச்சே வேற ரெண்டு மில்லு ஆர்டர் வந்துச்சு. என் வாழ்க்கையில என்னை யாராவது ஒரு எடத்துல பெருமையாப் பேசுனாங்கன்னா அது இங்கதான். எங்கப்பா கூட வீட்டுக்கு வந்த ஆளுககிட்ட "பையன் மில்லுல இன்ஜினியரு மாதிரி"ன்னாரு. "மாதிரி"ய மட்டும் மெதுவாச் சொன்னாரு.

விளையாட்டு மட்டும்னு நெனைக்காதீங்க. முக்கியமானதெல்லாம் முக்கியமாத்தான் எழுதினேன். "பிரசர் இருக்கு, கதவு தொறக்காதே"ன்னு ஒரு வரி. அதுல ஜோக்கே கெடையாது. போயிப் பாத்துக்கலாம், இன்னும் உள்ளதான் இருக்கு. நான் எழுதலேன்னு ஒருத்தன் சொல்லட்டும்.

அப்புறம் ஒரு கம்ப்ளைண்ட் வந்துச்சு. அந்த டீ வரி ஒழுங்கா நிக்க மாட்டேங்குதுன்னு. வருது, ஒடனே வேற வரி வந்து மறைச்சிருது. ஏன்னா மேல் வரியும் கீழ் வரியும் சேந்து ஒரு மெசேஜு, டிஸ்ப்ளேல ஒரு நேரத்துக்கு அது ஒண்ணுதான் தெரியும். ரெண்டு மூணு ஒண்ணா வந்தா, லிஸ்ட்ல எது மேல இருக்கோ அதுதான் மொகத்தைக் காட்டும். மத்ததெல்லாம் பின்னாடி வரிசையில நிக்கும். மானேஜரு பார்ட்டியக் கூட்டியாந்து "பாருங்க சார், பாருங்க"ங்கிறாரு, அங்க டெம்பரேச்சர் ஓடிக்கிட்டிருக்கு. அவருக்கு அசிங்கமாயிருச்சு. பொண்ணுங்களும் "என்ன டிஸ்ப்ளே, ஒன் மெசினுக்கு டீ மறந்துபோச்சா"ன்னு ஓட்டுதுங்க. நாகரத்தினம் அக்காவும்தாண்ணே கேட்டாங்க, "நிக்குற மாதிரி பண்ணிக் குடேன் தம்பி"ன்னு. அவங்க வாயாலதான் கேட்டாங்க. அதை யாரும் இப்ப சொல்ல மாட்டேங்குறாங்க.

கேட்டாங்க, செஞ்சேன். ஒயரை மாட்டி, லிஸ்ட்ல டீ வரியத் தூக்கி எல்லாத்துக்கும் மேல வச்சேன். எண்டர் பட்டனை அமுக்குற வரைக்கும் போகக் கூடாதுன்னும் அதுக்குள்ள எழுதிட்டேன். அசையாம நின்னுச்சு, கோயில் வாசல்ல நிக்கிற துவாரபாலகர் மாதிரி.

டெஸ்ட் பண்ணாமலா? என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க. ஒண்ணொண்ணா பண்ணேன். தண்ணி வரியத் தட்டிப் பாத்தேன், வந்துச்சு. கதவு வரி, வந்துச்சு. பிரசர் வரி, ஜம்முன்னு வந்துச்சு. டீ வரி, வந்து நின்னுச்சு. எல்லாம் பக்காவா வந்துச்சு. ரெண்டையும் ஒண்ணாவா? ஒண்ணா எதுக்குண்ணே தட்டிப் பாக்கணும்? வேலை முடிஞ்சா ஆவி போயிரும். ஆவி போனா பிரசர் இருக்காது. அதுதான முறை? மாப்பிள்ளை ஊர்வலமும் சாவு ஊர்வலமும் ஒரே தெருவுல ஒரே நேரத்துல வருமான்னு யாராவது பாத்துட்டா தெரு போடுறாங்க?

போன வாரம் வந்திருச்சு.

வால்வு மாட்டிக்கிச்சுண்ணே. ஆவிய வெளிய விடுற வால்வு, பாதியில நின்னுருச்சு. டைமர் அது பாட்டுக்கு முடிஞ்சிருச்சு. உள்ள ஆவி அப்படியே இருக்கு. பி.எல்.சி. ரெண்டு சுவிட்சையும் ஒழுங்காத் தட்டியிருக்கு. ரெண்டு வரியும் வந்திருக்கு. பிரசர் வரியும் வந்திருக்குண்ணே, அதைத்தான் நான் எல்லாருகிட்டயும் சொல்றேன், அது வந்திருக்கு! டீ வரிக்குப் பின்னாடி நின்னிருக்கு. பின்னாடி இன்னொண்ணு நிக்குதுன்னா ஓரத்துல ஒரு சின்ன அம்புக்குறி மினுக்கும். கீழ் பட்டனை அமுக்குனா பாக்கலாம். மினுக்கியிருக்கும். கண்டிப்பா மினுக்கியிருக்கும். எறும்பு சைசுதான், ஆனா மினுக்கும். அதைப் பாக்கணும்ல? அம்புக்குறிய எதுக்கு வச்சிருக்கான்?

சொல்லிக் குடுத்தேனான்னா... அதெல்லாம் புக்குல இருக்குண்ணே. இங்கிலீஷ் புக்குதான். ஆபீஸ் பீரோவுல இருக்கும்.

அக்கா எழுத்தெழுத்தாப் படிச்சிருக்காங்க. வேலை முடிஞ்சது. சக்கரத்தைச் சுத்தியிருக்காங்க.

ரெண்டு கையி. கழுத்து. இந்தப் பக்கக் கன்னம். மதுரை பெரியாஸ்பத்திரில இருக்காங்க. நான் போகல. எனக்கு அந்த ஆஸ்பத்திரி வாடை ஆகாது, சின்ன வயசுலருந்தே. அதுவும் போக, போயி என்னத்தச் சொல்றது? நான் வாயத் தொறந்தாலே அவங்களுக்குச் சிரிப்பு வந்துரும். கன்னம் வெந்திருக்க ஆளு சிரிக்கக் கூடாதுல்ல.

சரி, விடுங்க. மில்லுல என்ன சொல்றாங்கன்னா, ஆபரேட்டர் டிஸ்ப்ளேயப் பாக்காம கதவைத் தொறந்துட்டாங்க, அவங்க கவனக்குறைவு, மில்லு பொறுப்பில்லேன்னு. அக்கா என்ன சொல்றாங்கன்னா, பாத்துட்டுத்தான் தொறந்தேன், முடிஞ்சதுன்னுதான் எழுதியிருந்துச்சுன்னு. இன்னைக்கு மத்தியானம் இன்ஸ்பெக்டர் வர்றாரு. மெசினை அப்படியே நிப்பாட்டி வச்சிருக்காங்க, கரண்டு கூட கட் பண்ணல.

காலைல எங்க மொதலாளி கூப்புட்டாரு. "டேய் சீலா, இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முன்னாடி போயி பிரசர் வரியத் தூக்கி மேல வச்சிரு. டீ வரிய எடுத்துரு. அங்க குருவையா பாத்துக்குவாரு."

"இப்பவாண்ணே?"

"பின்ன எப்படா, தீபாவளிக்கா? சேஃப்டிக்குத்தானடா சொல்றேன். நல்லதுதான அது?"

நல்லதுதானண்ணே? நீங்களே சொல்லுங்க. பிரசர் வரி மேல இருக்குறது நல்லதா, கெட்டதா? நாளைக்கு இன்னொரு ஆளு அந்த மெசின்ல நிக்கணும்ல. அதுக்குத்தான் வந்தேன். சர்வீஸு. நடந்த விசயத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

ஏண்ணே அப்படிப் பாக்குறீங்க? சரி, நான் எதுத்த கடையில போயி ரெண்டு டீ வாங்கியாறேன். பை இருக்கட்டும், பாத்துக்கங்க.

*

இந்தாங்கண்ணே. சக்கரை கம்மியாப் போடச் சொன்னேன்.

ஆமா, பேசிட்டுத்தான் வந்தேன். பாத்தீங்களா? அந்த வேப்பமரத்தடியில, நீலச் சட்டை. காலைலருந்து நிக்கிறாரா? நீங்க உள்ள விட மாட்டேன்னுட்டீங்களாம். ஆமா, உங்களுக்கு ஆர்டர், நீங்க என்ன செய்வீங்க.

அக்கா வீட்டுக்காரரு. பெரியகருப்பன். வெங்காயப் பேட்டையில மூட்டை தூக்குறாரு. நான் அவரை முன்ன பின்ன பாத்ததில்ல. அவருக்கும் நான் யாருன்னு தெரியாது. டீக்கடையில நிக்கிறேன், பக்கத்துல வந்தாரு. "தம்பி, மில்லுக்குள்ள போறீகளா?"

"ஆமாண்ணே, சர்வீஸு."

"அந்த ஸ்டீமரு பக்கம் போவீகளா?"

டீ சூடா இருக்குன்னு ஊதிக்கிட்டு நின்னேன்.

"எனக்கு ஒரு ஒதவி தம்பி. அந்த மெசினுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு போட்டோ எடுத்தாந்து குடுங்க. இருக்கறதை இருக்கற மாதிரியே. என்கிட்ட இருக்கது பட்டன் போனு, இதுல ஒண்ணும் விழுகாது. உங்க போன்ல எடுத்து எம் மக நம்பருக்கு அனுப்பிவிட்டா போதும். அது இன்ஸ்பெக்டருகிட்ட காட்டிரும்."

"ஏண்ணே, அதுல என்ன எழுதியிருக்கு?"

கேட்டேண்ணே. நான் கேட்டேன், அவருகிட்ட. ஏன் கேட்டேன்னு எனக்கே தெரியல.

"வேலை முடிஞ்சுருச்சு, டீ குடிங்கன்னு இருந்துச்சாம். அதைப் பாத்துத்தான் தொறந்தேங்கிறா. இங்க யாரும் நம்ப மாட்டேங்குறாக. மெசினு எங்கயாச்சும் டீ குடிக்கச் சொல்லுமா, பொம்பள காச்சல்ல ஒளர்றாங்கிறாக. எனக்கே ஒரு நேரம் சந்தேகமா இருக்கு தம்பி. ஆனா அவ பொய் சொல்ற ஆளு இல்ல."

யாரு ஒளர்றாங்கன்னு சொன்னாங்களாம் தெரியுமாண்ணே? மானேஜரு. பார்ட்டி பார்ட்டியாக் கூட்டியாந்து காட்டுன அதே மானேஜரு.

அப்புறம் சொல்றாரு. "இதை எழுதுன தம்பி ஒண்ணு இருக்காம். நல்ல பையனாம். அவன் வந்தா உள்ளதைச் சொல்லிருவான், நீ பயப்படாதன்னு எனக்குத் தைரியம் சொல்லுறா. கையில இம்புட்டுக் கட்டு. அவ எனக்குச் சொல்றா தைரியம். அந்தத் தம்பிய உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கு எந்த எடத்துலயும் வாய் அடைச்சதில்லண்ணே. பிரின்சிபல் டி.சி.ய நீட்டுறப்ப கூட "சார், லேமினேஷன் பண்ணித் தர மாட்டீங்களா"ன்னு கேட்டவன் நான்.

"தெரியாதுண்ணே"ன்னேன்.

"சரி"ன்னாரு. மக நம்பரை மனப்பாடமாச் சொன்னாரு. நான் போன்ல ஏத்திக்கிட்டேன். என் டீக்கும் சேத்து அவரே காசைக் குடுக்கப் போனாரு. கையைப் புடிச்சுத் தடுத்துட்டேன். பெரிய கையிண்ணே. காச்சுப் போயிருக்கு.

டீ வரி இன்னும் நிக்கும்ணே அங்க. யாரும் எண்டர் அமுக்கியிருக்க மாட்டாங்க, எண்டர் அமுக்குனாத்தான் போகும்னு அக்காவைத் தவிர இங்க யாருக்கும் தெரியாது. நல்லா கொட்டை எழுத்துல நிக்கும். லேப்டாப்பை மாட்டி புதுசா ஏத்துனேன்னா ஒரு நிமிசம். அப்படி ஒரு வரி இருந்ததுக்கு அடையாளமே இருக்காது. அப்புறம் அந்த அக்கா ஒளர்னதுதான்.

நான் கெட்டது செய்ய வரலண்ணே. சத்தியமா. மொதலாளி சொன்னாரு, வந்தேன். வால்வு மாட்டுனதுக்கு நான் என்ன செய்வேன்? குருவையா வால்வுக்கு எண்ணெய் போட்டிருந்தா எந்த வரி மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன? சொல்லுங்க.

போட்டோ என் நம்பர்ல இருந்து போனா யாரு அனுப்புனதுன்னு தெரிஞ்சிரும்ல? தெரிஞ்சிரும். தயாளன் அண்ணன் என்னைத் தோலை உரிச்சிருவாரு. இந்த ஏரியால எந்தப் பேனல் கம்பெனிலயும் அப்புறம் சேத்துக்க மாட்டாங்க. எங்கப்பா அந்த "மாதிரி"யையும் வாபஸ் வாங்கிருவாரு.

போன் அடிக்குதுண்ணே, எடுங்க.

விடச் சொல்லிட்டாங்களா? குருவையா சாரா? சீக்கிரம் வரச் சொல்றாரா? வர்றேன்னு சொல்லுங்க.

சர்வீஸ்காரன் போனை நீங்க வாங்கி வைக்க மாட்டீங்கள்ல? சரி.

இல்லண்ணே, பையி இங்கயே இருக்கட்டும். உங்க மேசைக்கு அடியில தள்ளி வைங்க. ஒயரும் அதுலதான் இருக்கு, இருக்கட்டும். ஒண்ணுமில்ல, காலைலருந்து தூக்கித் தூக்கித் தோளு வலிக்குது. கனமா இருக்கு, அவ்வளவுதான். நீங்களா வேற எதையும் நெனச்சுக்காதீங்க.

அந்த அண்ணன் வந்து கேட்டாருன்னா, நான் யாருன்னு மட்டும் சொல்லிறாதீங்க. வெளிய வந்து நானே சொல்லிக்கிறேன்.

கேட்டைத் தொறங்க.